நல்லா வச்சிருந்த ஸ்போர்ட் பைக்க விக்கப் போறீங்களா, வாங்க வர்றவன் கண்ணால மொதல்ல பாருங்க

ஒருத்தர் கேட்டது இதுதான்: 600 சிசி, நாலு சிலிண்டர் ஸ்போர்ட் பைக், ஒரே ஓனர், கீழ போட்டதில்ல, சர்வீஸ் எல்லாம் டைமுக்கு பண்ணிருக்கு, ஆனா விக்கிறேன்னு சொன்னதும் வர்றவன் எல்லாம் அடிமாட்டு விலைக்கு கேக்குறான், நியாயமான விலைக்கு எப்படி தள்றது. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

வேற வண்டிகளுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. டவுனுக்குள்ள ஓட்டுற வண்டிய வாங்க வர்றவன் மைலேஜ் எவ்வளவு தரும்னு கேப்பான். ஸ்போர்ட் பைக் வாங்க வர்றவன் வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே மனசுல தீர்ப்பு எழுதிட்டு தான் வர்றான், இத போட்டு வெளுத்திருப்பானுங்க, வீலி அடிச்சிருப்பானுங்க, ஒரு தடவையாச்சும் ரோட்டுல தேச்சிருக்கும்னு. அவன் நினைக்கிறதுல தப்பும் இல்ல, பாதி வண்டி அப்படித்தான் இருக்கு. இந்த இடத்துல "மின்ட் கண்டிஷன், கொழந்தை மாதிரி பாத்துக்கிட்டேன்"னு எழுதினா ஒரு பைசா பிரயோஜனம் இல்ல, ஏன்னா வெளுத்து வாங்குன வண்டியோட விளம்பரத்துலயும் அதே வரி தான் இருக்கும். அவனோட ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கையில ஒரு ஆதாரம் இருக்கணும், அது இருந்தா நீங்க பேசவே வேணாம், விலை தானா நிக்கும்.

அதனால போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு டார்ச்ச எடுத்துக்கிட்டு, நீங்களே வாங்க வந்தவன் மாதிரி வண்டிய சுத்தி வாங்க. வெவரம் தெரிஞ்சவன் எங்க பாப்பான்னு சொல்றேன். ஹேண்டில் நுனியில இருக்குற பார் எண்டு, கிளட்ச் பிரேக் லீவரோட உருண்டை முனை, ஃபுட்பெக் நுனி, சைலன்சரோட வெளிப்பக்கம், இஞ்சின் ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு இருக்குற கவர், இதெல்லாம் தான் வண்டி சாஞ்சா மொதல்ல தரைய தொடுற இடங்க. அப்புறம் ஹேண்டில முழுசா ஒரு பக்கம் திருப்பினா ஃப்ரேம்ல போய் முட்டி நிக்கிற சின்ன தடுப்பு ஒண்ணு இருக்கும், அது நசுங்கியோ உடைஞ்சோ, இல்ல அந்த இடத்துல மட்டும் புது பெயின்ட்டோ இருந்தா முன்னாடி பெருசா அடி வாங்கிருக்குன்னு அர்த்தம், தெரிஞ்சவன் அத பாத்ததும் பேசாம கிளம்பிடுவான். ஃபேரிங் (வண்டிய மூடியிருக்குற பிளாஸ்டிக் உறை) சந்து ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கா, உள்பக்கம் கம்பெனி அச்சுல பிளாஸ்டிக் வகையோட எழுத்து இருக்கான்னு கூட குனிஞ்சு பாப்பாங்க, ஏன்னா டூப்ளிகேட் ஃபேரிங் மாட்டி விபத்த மறைக்கிறது ரொம்ப பழைய வேலை. ஆயில் ஊத்துற மூடி, டிரெயின் போல்ட், காலிபர் போல்ட்ல எல்லாம் கழண்டுடாம கம்பி கோக்க குட்டியா ஓட்டை போட்டிருந்தா அது ரேஸ் டிராக்ல ஓடின வண்டி. டிராக்ல ஓட்டுறது குத்தம் இல்ல, சொல்லப்போனா அப்படி ஓட்டுறவங்க ஆயிலும் பிரேக்கும் மத்தவங்கள விட அடிக்கடி மாத்துவாங்க, ஆனா நீங்க சொல்லாம அவனா கண்டுபிடிச்சா மத்த எல்லாமே பொய்யாயிடும்.

இதுல உங்க வண்டியில எதாவது இருந்தா, நிறுத்தி வச்சப்ப ஸ்டாண்டோட சாஞ்சு லீவர் முனை தேஞ்சதுன்னு வச்சுக்கோங்க, அத மறைக்காதீங்க, புது லீவர் மாத்தி போட்டோ போடாதீங்க. குளோஸப்பா ஒரு படம் எடுத்து விளம்பரத்துலயே போட்டுடுங்க. இதுல ரெண்டு லாபம். ஒண்ணு, குறைய தானா சொல்றவன் மத்ததுலயும் பொய் சொல்ல மாட்டான்னு ஒரு நம்பிக்கை வரும். ரெண்டாவது, நேர்ல வந்து அந்த கீறல காட்டி விலைய குறைக்க முடியாது, "அது தெரிஞ்சு தானே வந்தீங்க, விலையிலயே அது சேந்தது தான்"னு சொல்லிடலாம்.

அடுத்தது பேப்பர். சர்வீஸ் பில், ஸ்பேர் வாங்கின பில், நீங்களே ஆயில் மாத்திருந்தா ஆயிலும் ஃபில்டரும் வாங்கின ரசீது, முடிஞ்சா அன்னைக்கு ஓடோமீட்டர எடுத்த போட்டோ, எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு ஃபைல்ல போடுங்க. இந்த ஃபைல் தான் உங்க வண்டிக்கும் பக்கத்துல நிக்கிற இன்னொரு வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம். அதுலயும் முக்கியமா வால்வ் கிளியரன்ஸ், அதாவது இஞ்சின் வால்வுக்கும் அத தள்ளுற பாகத்துக்கும் நடுவுல இருக்க வேண்டிய சின்ன இடைவெளிய அளந்து சரி பண்றது. நாலு சிலிண்டர் ஸ்போர்ட் பைக்ல 16 வால்வ் இருக்கும், டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாம் கழட்டி உள்ள போகணும், அளவு தப்பா இருந்தா கேம்ஷாஃப்ட்டயும் தூக்கி ஷிம் (அந்த இடைவெளிய சரி பண்ற சின்ன தகடு) மாத்தணும், அதனால கூலி தான் ஜாஸ்தி. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவைங்கிறது வண்டிக்கு வண்டி மாறும், யமஹா ஆர் 6-க்கு 42,000 கிமீ, டுகாட்டி பனிகாலே வி4-க்கு 24,000 கிமீ, வேற பல ஜப்பான் 600-களுக்கும் இந்த 24,000 பக்கம் தான். உங்க வண்டி அந்த கணக்கு தாண்டியிருந்து வேலை செஞ்சிருந்தீங்கன்னா, மெக்கானிக் ஒவ்வொரு வால்வுக்கும் அளந்து எழுதின தாள் இருக்கும் பாருங்க, அத தொலைக்காதீங்க, தங்கம் மாதிரி. இன்னும் கணக்கு நெருங்கிட்டு தான் இருக்குன்னா விக்கிறதுக்காக அத செய்யாதீங்க, போட்ட காசு திரும்ப வராது, "இன்னும் இவ்வளவு கிலோமீட்டர்ல வால்வ் செக் வரும், அதுக்கு தகுந்த மாதிரி தான் விலை போட்டிருக்கேன்"னு எழுதிடுங்க.

ஆனா சின்ன செலவுல பெருசா பேசுற வேலைங்க சிலது இருக்கு, அத கண்டிப்பா பண்ணுங்க. பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு தான் நிறைய கம்பெனி மேனுவல்ல போட்டிருக்கும், முன் பிரேக்கோட ஃப்ளூயிட் டப்பா ஹேண்டில் மேலேயே உக்காந்திருக்கு, வண்டியில ஏறி உக்கார்ற அந்த ஆளோட மூக்குக்கு நேரா. அது டீ கலர்ல இருந்தா நீங்க காட்டுற ஃபைல் மேலேயே சந்தேகம் வந்துடும். செயின் அதே மாதிரி. 520, 525, 530-னு எந்த சைஸா இருந்தாலும் பின் ஸ்ப்ராக்கெட்டோட கடைசியில செயின விரலால பின்னாடி இழுத்து பாப்பான், பாதி பல் வெளிய தெரியுற அளவுக்கு தூக்கிட்டு வந்தா செயின் முடிஞ்சது, பல்லு கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா ஸ்ப்ராக்கெட்டும் முடிஞ்சது. நல்லா இருந்தா மண்ணெண்ணெய்லயோ செயின் கிளீனர்லயோ தொடைச்சு (பெட்ரோல் வேணாம், உள்ள இருக்குற ஓ ரிங் ரப்பர் காலியாயிடும்) செயினுக்கான எண்ணெய் (லூப்) அடிச்சு, பின் சக்கரத்த தாங்குற ஸ்விங் ஆர்ம்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல போட்ட அளவுக்கு தொங்கல் வச்சிடுங்க. ஃபோர்க்ல (முன் சஸ்பென்ஷன் குழாய்) எண்ணெய் வளையம் தெரிஞ்சா சீல் மாத்திட்டே விளம்பரம் போடுங்க, ஏன்னா அந்த எண்ணெய் வழிஞ்சு பிரேக் பேட்ல இறங்கினா அது விலை சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. பேட்டரி ராத்திரி முழுக்க சும்மா நின்னதுக்கு அப்புறம் 12.6 வோல்ட்டுக்கு கம்மியா காட்டுச்சுன்னா சார்ஜ் போட்டு பாருங்க, அப்பவும் தாங்கலன்னா மாத்துங்க, பாக்க வந்தப்ப செல்ஃப் அடிச்சு இழு இழுன்னு இழுத்தா மத்ததெல்லாம் வேஸ்ட்டு.

டயர் பத்தி எல்லாருக்கும் ஒரு குழப்பம், புதுசு போட்டு விக்கவா, அப்படியே விக்கவான்னு. டயர் சைடுல நாலு நம்பர் இருக்கும், 2321-னு இருந்தா 2021-ஓட 23-வது வாரம் செஞ்சது, அத பாக்காம வாங்குறவன் இப்ப கம்மி. நடுவுல இருக்குற தேய்மான அடையாளத்துக்கு மேல இன்னும் ரப்பர் இருந்து, வெடிப்பு இல்லாம இருந்தா அப்படியே விட்டுடுங்க. தேஞ்சு போயிருந்தா விலைய குறைச்சு அவனையே அவனுக்கு புடிச்சது போட்டுக்க சொல்லுங்க, ஆனா அப்ப டெஸ்ட் ரைடு கிடையாதுன்னும் முன்னாடியே சொல்லிடுங்க. விக்கிறதுக்காக எதோ ஒரு கல்லு மாதிரி சீப் டயர் மாட்டுறது தான் ரொம்ப மோசம், ஸ்போர்ட் பைக் தெரிஞ்சவன் அத பாத்தா "டயர்லயே மிச்சம் புடிச்சவன் ஆயில்ல என்ன பண்ணிருப்பான்"னு யோசிப்பான், அது நியாயமான கேள்வியும் கூட.

கிலோமீட்டர் கம்மியா ஓடியிருக்குன்னு ரொம்ப பெருமையா சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வருஷத்துல நாலாயிரம் கிலோமீட்டர்னா அது ஓடாம நின்ன வண்டி, டயர் காஞ்சிருக்கும், ரப்பர் ஹோஸ் கெட்டியாயிருக்கும், டேங்க்ல பழைய பெட்ரோல் இன்ஜெக்டர அடைச்சிருக்கலாம். வருஷா வருஷம் ஆயில் மாத்தி, மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் நல்லா சூடாகுற வரைக்கும் ஓட்டினேன்னு காட்ட முடிஞ்சா மட்டும் தான் கம்மி கிலோமீட்டர் காசாகும்.

மாடிஃபிகேஷன் செஞ்சிருந்தா மனச தேத்திக்கோங்க, அதுக்கு போட்ட காசு வராது. வெளியில வாங்கி மாட்டின சைலன்சர், ரியர்செட் (பின்னாடி தள்ளி வைக்கிற ஃபுட்பெக் செட்), கலர் கலரா போல்ட்டு, நமக்கு புடிச்சது இன்னொருத்தனுக்கு புடிக்கும்னு ஒண்ணும் இல்ல, ஸ்டாக்கா, அதாவது கம்பெனில இருந்து வந்த மாதிரியே இருக்குற வண்டிக்கு தான் கூட்டம் ஜாஸ்தி. ஒரிஜினல் பார்ட்ஸ பத்திரமா வச்சிருந்தா திரும்ப மாட்டிட்டு, கழட்டினத தனியா வித்துடுங்க, தனித்தனியா வித்தா வர்றது எப்பவும் கூட. முக்கியமா சைலன்சர், ஏன்னா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகைய சுத்தம் பண்ற பாகம்) இல்லாத ஃபுல் சிஸ்டம் சைலன்சர் மாட்டின வண்டிக்கு நிறைய இடங்கள்ல புகை பரிசோதனை, சத்தம்னு பிரச்சனை வரும், வாங்குறவன் அத நினைச்சே பின்வாங்குவான். ஈசியு-வ (இஞ்சின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) ஃபிளாஷ் பண்ணி அதுல இருக்குற மேப்ப, அதாவது செட்டிங்க மாத்திருந்தா யாருகிட்ட, எந்த மேப், எதுக்குன்னு சொல்லிடுங்க, ஸ்டாக் சைலன்சர் திரும்ப மாட்டுறீங்கன்னா மேப்பையும் பழசுக்கு மாத்தணும், இல்லன்னா ஐடிலிங்லயே தப்பு தெரியும். வண்டி விழுந்தா அடிய தாங்குற ஃப்ரேம் ஸ்லைடர் மாதிரி பாதுகாப்பு சாமான் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

விலை எப்படி போடுறது? மத்தவன் என்ன விலை போட்டிருக்கான்னு பாக்குறது பாதி கணக்கு தான், அது அவன் ஆசை. எவ்வளவு நாளா அதே விளம்பரம் நிக்குது, எப்ப காணாம போச்சு, கடைசியா எந்த விலையில இருந்துச்சுன்னு கொஞ்ச வாரம் பாத்தா தான் உண்மையான ரேட்டு புரியும். டீலர் சொல்ற எக்ஸ்சேஞ்ச் விலை கம்மியா தான் இருக்கும், அவன் சரி பண்ணணும், கடையில நிறுத்தணும், லாபம் பாக்கணும், அதுல கோபப்பட ஒண்ணும் இல்ல, தலைவலி வேணாம்னா அதுவும் ஒரு வழி. மாடலோட நிலைமையும் பாருங்க. ரோட்டுல ஓட்டுற ஆர் 6-அ யமஹா 2020-ஓட நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் டிராக்குக்கு மட்டும் தான், 2021-ல வந்த ஆர் 7 வேற வண்டி, ரெண்டு சிலிண்டர் 689 சிசி, அதனால நல்ல ஆர் 6-க்கு தேடி வர்ற ஆள் இருக்கான். ஆனா ஐரோப்பாவுல கொஞ்ச வருஷமா கிடைக்காம இருந்த ஹோண்டா சிபிஆர் 600 ஆர்ஆர் 2024-ல திரும்ப வந்துச்சு, அந்த மாதிரி புதுசு ஷோரூம்ல நிக்கிற இடத்துல "இனிமே இது கிடைக்கவே கிடைக்காது"ன்னு சொல்லி விலை ஏத்த முடியாது. குளிர் அடிக்கிற நாடுன்னா குளிர் முடிஞ்சு வெயில் எட்டி பாக்குற நேரத்துல போடுங்க, பனியில யாரும் ஸ்போர்ட் பைக் தேட மாட்டாங்க.

விளம்பரத்துல கவிதை வேணாம். வருஷம், சரியான மாடல் பேர், கிலோமீட்டர், எத்தனாவது ஓனர், கடைசியா என்னென்ன மாத்தினது எந்த கிலோமீட்டர்ல, என்ன குறை, கூட என்ன தர்றீங்க, விலை. போட்டோ மேகமூட்டமா இருக்கப்பவோ சாயங்கால நிழல்லயோ எடுங்க, உச்சி வெயில்ல எடுத்தா பெயின்ட் பளபளப்புல எதுவும் தெரியாது. நாலு பக்கம், இக்னிஷன் போட்டு ஓடோமீட்டர், ரெண்டு டயர், செயின், சாவி ரெண்டும், ஃபைல். நம்பர் பிளேட்டையும் சேசிஸ் நம்பரையும் பொதுவுல காட்டாதீங்க, நிஜமா வாங்க வர்ற ஆள் கேட்டா சேசிஸ் நம்பர் குடுங்க, அவன் ரீகால் (கம்பெனி திரும்ப கூப்பிட்டு சரி பண்றது), திருட்டு வண்டி, லோன் பாக்கி எல்லாம் செக் பண்ணிக்கட்டும். கழுவும்போது பிரஷர் வாஷர வீல் பேரிங், ஸ்டியரிங் ஹெட், ஸ்விங் ஆர்ம் பக்கம் அடிக்காதீங்க. டயருக்கு பாலிஷ் போடவே போடாதீங்க, ஓடுற பரப்புல கொஞ்சம் பட்டாலும் மொத வளைவுலயே வழுக்கும், வாங்க வந்தவன் விழுந்தா பாவம் உங்க தலையில.

பாக்க வர்றப்ப இஞ்சின் ஜில்லுன்னு இருக்கணும். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி சூடு பண்ணி வைக்காதீங்க, வர்றவன் மொதல்ல இஞ்சின் மேல கைய வச்சு பாப்பான், சூடா இருந்தா எதையோ மறைக்கிறோம்னு முடிவு பண்ணிடுவான். அவன் கண்ணு முன்னாடி ஜில் ஸ்டார்ட், அப்படியே ஃபேன் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் ஐடிலிங்ல விடுங்க, கூலிங் வேலை செய்யுதுன்னு தானா தெரிஞ்சிடும். ரெண்டாவது கியர்ல வேகமா ஏத்துறப்ப நழுவுதான்னு கேப்பான், வெளுத்த வண்டிகள்ல மொதல்ல போற கியர் பெரும்பாலும் அது தான், உங்களோடது நல்லா இருந்தா நீங்களே பேச்ச எடுங்க.

டெஸ்ட் ரைடு தான் பெரிய தலைவலி. 600 சிசி ஸ்போர்ட் பைக் நூறு குதிரை சக்திக்கு மேல குடுக்கும், அதுவும் ஆர்பிஎம் மேல போனதும் திடீர்னு, டயர் வேற ஜில்லுன்னு இருக்கும். என் கருத்து கறாரானது: முழு பணமும் என் கைக்கு வந்த பிறகு, ஒரிஜினல் லைசென்ஸ் பாத்து, ஹெல்மெட் கையுறை போட்டிருந்தா, இன்சூரன்ஸ் அவனுக்கும் செல்லும்னா மட்டும் தான் சாவி. வண்டிய விழுத்தாட்டினா அது உன் வண்டின்னு முன்னாடியே எழுதி கையெழுத்து. "நான் வந்த வண்டி இங்க தானே நிக்குது"ன்னு சொல்லுவாங்க, அந்த வண்டி யாருதுன்னு உங்களுக்கு என்ன தெரியும். இதுக்கு ஒத்துக்காதவங்களுக்கு நீங்க ஓட்டி காட்டலாம், இல்ல பின் சக்கரத்த தூக்கி நிறுத்துற பேடாக் ஸ்டாண்டுல போட்டு கியர் எல்லாம் மாத்தி காட்டலாம், அதுவே போதும்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. லைசென்ஸே இல்லாம மொத பைக்கா இத வாங்க வர்ற சின்ன பையன் வந்தா நான் விக்க மாட்டேன், நீங்க என்ன பண்றீங்கங்கிறது உங்க இஷ்டம்.

பேரம். போன்ல எடுத்ததுமே "லாஸ்ட் என்ன"ன்னு கேக்குறவனுக்கு ஒரே பதில் போதும், "வந்து பாருங்க, வண்டி முன்னாடி நின்னு பேசலாம்." போன்ல குறைச்சா அது அவனுக்கு ஆரம்ப விலை ஆயிடும், நேர்ல வந்து மறுபடியும் குறைப்பான். கொஞ்சம் இடம் விட்டு தான் விலை போடுங்க, நம்மாளுக்கு எதாவது குறைச்சா தான் வாங்கின திருப்தியே. குறைய மாட்டீங்கன்னா பதிலுக்கு பேடாக் ஸ்டாண்டோ கவரோ சேத்து குடுத்து முடிங்க.

பணத்துல ஏமாத்துறது எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி தான். பாக்காமலேயே முழு விலைக்கு ஒத்துக்கிட்டு ஏஜென்ட் வந்து எடுத்துப்பான்னு சொல்றது, தெரியாம கூட அனுப்பிட்டேன் மிச்சத்த திருப்பி அனுப்புங்கன்னு சொல்றது, ட்ரான்ஸ்ஃபர் ஆயிடுச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் காட்டுறது. அவன் போன்ல என்ன தெரியுதுங்கிறது கணக்கே இல்ல, உங்க அக்கவுன்ட்ட உங்க போன்ல நீங்க திறந்து பாத்து பணம் இருந்தா தான் பணம். பெரிய தொகைன்னா பேங்க் உள்ளயே வச்சு முடிச்சுக்கிறது நிம்மதி. லோன் பாக்கி இருந்தா அத மொதல்ல அடைச்சு கிளியரன்ஸ் பேப்பர் வாங்கிட்டு தான் விளம்பரமே போடணும், கடைசி நேரத்துல சொன்னா பாதி பேர் ஓடிடுவாங்க.

கை மாறுற அன்னைக்கு ஒரு ரசீது எழுதுங்க, ரெண்டு பேர் பேர், சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர், கிலோமீட்டர், தொகை, "இருக்கிற நிலையில பாத்து வாங்கினது"ன்னு ஒரு வரி, தேதியோட மணியும். மணி எதுக்குன்னா சாயங்காலமே அவன் ஸ்பீட் கேமராவுல மாட்டினா அந்த நோட்டீஸ் உங்க பேருக்கு தான் வரும். பேர் மாத்துற வேலைய "நான் பாத்துக்கிறேன்"னு அவன் சொன்னா விட்டுடாதீங்க, முறை நாட்டுக்கு நாடு மாறும், ஆனா வித்தவன் தெரிவிக்கிற பகுதி உங்க வேலை, அத அன்னைக்கே பண்ணி ரசீது வாங்கிக்கோங்க. இன்சூரன்ஸ கேன்சல் பண்றது பேர் மாறினது உறுதியான பிறகு தான். ஸ்பேர் சாவிய மறந்துடாதீங்க, சில யமஹா மாடல்ல சிவப்பு கலர்ல ஒரு மாஸ்டர் சாவி தனியா வரும், புது சாவி பதிவு பண்ண அது தான் வேணும், அது இல்லன்னா விலையில அடிப்பாங்க, இப்பவே தேடி எடுத்து வைங்க. ஜிபிஎஸ் டிராக்கர் எதாவது மாட்டியிருந்தா கழட்டிடுங்க, வண்டியோட ஆப் உங்க போன்ல இணைஞ்சிருந்தா அவன் கிளம்புறதுக்கு முன்னாடியே அவன் கண்ணு முன்னாடி அத துண்டிச்சிடுங்க.